நோட்டாவை அழுத்தினால் என்ன நடக்கும்? டெல்லித் தேர்தல் கணக்கு சொல்வது இதுதான்

"எவன் வந்தா என்னங்க, நமக்கு ஒண்ணும் மாறப்போறது இல்லை."

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்களிடம் தேர்தல் பேச்சை எடுத்தால் பத்து நிமிஷத்துக்குள் இந்த வரி வந்துவிடும். குருகிராம் ஆபீஸ் கேன்டீனாக இருந்தாலும் சரி, ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலாக இருந்தாலும் சரி. அடுத்த வரியும் கிட்டத்தட்ட நிச்சயம்: "பேசாம நோட்டாவுக்குக் குத்திட்டு வந்துடலாம்."

இந்தக் கோபம் நியாயமா இல்லையா என்று நான் வாதாடப் போவதில்லை. கட்சி தாவும் எம்.எல்.ஏ.க்கள், வழக்கு உள்ள வேட்பாளர்கள், ஓட்டுக்குப் பணம், தேர்தல் முடிந்ததும் மறந்துபோகும் வாக்குறுதிகள் என்று காரணங்களை நீங்களே அடுக்குவீர்கள். நாம் பார்க்கப்போவது ஒரே ஒரு கேள்வியை. அந்தக் கோபத்தை நோட்டா பட்டனில் இறக்கினால், அது எங்கே போய்ச் சேருகிறது?

சுருக்கமாக

• நோட்டா அதிக ஓட்டு வாங்கினாலும் தேர்தல் ரத்தாகாது. அடுத்து வரும் வேட்பாளர் ஜெயித்துவிடுவார்.
• நோட்டா வந்த பிறகு டெல்லியில் நடந்த நான்கு சட்டமன்றத் தேர்தல்களில் அது ஒரு சதவீதத்தைத் தொட்டதே இல்லை.
• அதே டெல்லியில் 2025-ல் மூன்று தொகுதிகளின் முடிவு 700 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தீர்ந்தது.

நோட்டா எப்படி வந்தது?

வாக்குச்சீட்டு காலத்தில் யாரையும் பிடிக்காதவர் சீட்டை வெறுமனே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். யாருக்கும் தெரியாது. வாக்கு இயந்திரம் வந்ததும் அந்த வசதி போய்விட்டது.

மிச்சமிருந்தது 49-ஓ. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள ஒரு விதி இது. வாக்குச்சாவடிக்குப் போய், விரலில் மை வைத்த பிறகு, "நான் யாருக்கும் போடலை" என்று அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார். பக்கத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊரில் நாளைக்கும் குடியிருக்க வேண்டியவர் எத்தனை பேர் இதற்குத் துணிவார்கள்? ஆனாலும் தமிழ்நாட்டில் 49-ஓ நன்றாகவே பிரபலமானது. 2015-ல் கவுண்டமணி நடித்த படத்துக்கே அந்தப் பெயர்தான்.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004-ல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. வாதம் எளிமையானது: ஓட்டுப் போடுபவருக்கு ரகசியம் உண்டென்றால், போட மறுப்பவருக்கும் அது இருக்க வேண்டாமா? 2013 செப்டம்பர் 27-ல் தீர்ப்பு வந்தது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான அன்றைய தலைமை நீதிபதி ப.சதாசிவம். வாக்கு இயந்திரத்தில் 'மேற்கண்ட எவரும் இல்லை' என்று ஒரு பட்டன் வைக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில் நடந்த ஐந்து சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டா அறிமுகமானது. அதில் டெல்லியும் ஒன்று. குறுக்குக்கோடு போட்ட வாக்குச்சீட்டு மாதிரி இருக்கும் அதன் சின்னம் 2015-ல் வந்தது. வடிவமைத்தது அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நீதிமன்றம் கொடுத்தது ரகசியமாக மறுக்கும் உரிமையை. வேட்பாளர்களை நிராகரித்து வேறு ஆளைக் கொண்டுவர வைக்கும் உரிமையை அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது.

நோட்டா ஜெயித்தால் மறுதேர்தல் வருமா?

வராது. ஒரு தொகுதியில் 1,000 பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று வையுங்கள். நோட்டாவுக்கு 900, 'அ' என்பவருக்கு 60, 'ஆ' என்பவருக்கு 40. ஜெயித்தவர் 'அ'. அவர் எம்.எல்.ஏ.வாகப் பதவியேற்பார், ஐந்து வருஷம் இருப்பார். தேர்தல் ஆணையம் இதை 2013-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

டெபாசிட் கணக்கிலும் நோட்டாவுக்கு இடமில்லை. செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காத வேட்பாளர் டெபாசிட்டை இழப்பார். அந்தச் 'செல்லத்தக்க ஓட்டு' மொத்தத்தில் நோட்டா சேராது. மாநிலங்களவைத் தேர்தலுக்கும் அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது.

ஆக, முடிவு அட்டவணையில் நோட்டாவுக்குத் தனி வரி உண்டு. முடிவை மாற்றும் சக்தி கிடையாது.

டெல்லி எண்கள் என்ன சொல்கின்றன?

நான்கு சட்டமன்றத் தேர்தல்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

• 2013: வாக்குப்பதிவு சுமார் 66%, நோட்டா 0.63%
• 2015: வாக்குப்பதிவு சுமார் 67%, நோட்டா 0.40%
• 2020: வாக்குப்பதிவு சுமார் 63%, நோட்டா 0.46%
• 2025: வாக்குப்பதிவு சுமார் 60.5%, நோட்டா 0.57%

2015-ல் ஒரு புதுக் கட்சி மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. வாக்குப்பதிவு ஏறியது, நோட்டா இறங்கியது. அதன் பிறகு இரண்டும் தலைகீழாகத் திரும்பின. மாற்றம் சிறியதுதான், ஆனால் திசை தெரிகிறது.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. 2025-ல் டெல்லியில் சுமார் ஒன்றரைக் கோடி வாக்காளர்கள். அவர்களில் ஓட்டுப் போட வராதவர்கள் 60 லட்சம் பேர் வரை. நோட்டாவை அழுத்தியவர்கள் அரை லட்சத்துக்குச் சற்று மேல். வராத எல்லோரும் விரக்தியில் வராமல் இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. வீடு மாறியவர்கள், ஊருக்குப் போனவர்கள், பட்டியலில் பெயர் மட்டும் தங்கிவிட்டவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். ஆனாலும் வெறுத்துப்போனவர் வரிசையில் நின்று நோட்டாவை அழுத்துவதைவிட வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் அதிகம் என்று நம்ப இடமிருக்கிறது.

'ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது?'

2025 பிப்ரவரி 8-ல் டெல்லி முடிவுகள் வந்தன. 70 இடங்களில் பா.ஜ.க. 48, ஆம் ஆத்மி 22. இந்த எண்களைப் பார்த்தால் அலை அடித்த மாதிரி தெரியும். ஆனால் மொத்த ஓட்டில் இரண்டு கட்சிகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுமார் இரண்டு சதவீதப் புள்ளிதான்.

தொகுதிவாரியாக இறங்கினால் இன்னும் நெருக்கம். சங்கம் விஹாரில் வித்தியாசம் 344 ஓட்டு. திரிலோக்புரியில் 392. ஜங்புராவில் 675. அங்கே தோற்றவர் முன்னாள் துணை முதல்வர் மணீஷ் சிசோதியா. நோட்டாவின் 0.57 சதவீதத்தை 70 தொகுதிக்கும் சமமாகப் பிரித்தால், சராசரியாக ஒரு தொகுதிக்கு 750-க்கு மேல் வருகிறது. இந்த மூன்று வித்தியாசங்களும் அதைவிடக் குறைவு.

2013-ல் இன்னும் சுவாரசியம். டெல்லித் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஆர்.கே.புரத்தில் ஆம் ஆத்மியின் ஷாசியா இல்மி 326 ஓட்டில் தோற்றார். அந்தத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 49 நாளில் ஆட்சி கவிழ்ந்தது.

எனவே 'ஒரு ஓட்டுல என்ன' என்ற கேள்விக்கு நேர்மையான பதில், அது தொகுதியைப் பொறுத்தது என்பதுதான். 30,000 வித்தியாசம் உள்ள இடத்தில் உங்கள் ஓட்டு முடிவை மாற்றப்போவதில்லை. 344 வித்தியாசம் உள்ள இடத்தில் நாலு அபார்ட்மென்ட் வளாகம் சேர்ந்தாலே மாற்றிவிடலாம். எது எந்த மாதிரித் தொகுதி என்பது எண்ணி முடித்த பிறகுதான் தெரியும். சிக்கலே அங்கேதான்.

மதராசி கேம்ப்: கணக்கு கைவிடும் இடம்

'ஓட்டுப் போடுங்க, எல்லாம் மாறும்' என்று இங்கேயே முடித்தால் அது அரை உண்மை. ஏனென்றால் அதே ஜங்புராவில்தான் மதராசி கேம்ப் இருந்தது.

பாராபுல்லா வடிகால் ஓரத்தில் பல பத்தாண்டுகளாக இருந்த தமிழர் குடியிருப்பு அது. வீட்டு வேலை, துப்புரவு, சின்னக் கடை என்று டெல்லியை ஓடவைத்த குடும்பங்கள். கிட்டத்தட்ட 370 வீடுகள். ஒரு வீட்டுக்கு இரண்டு ஓட்டு என்று வைத்தாலே 740 வரும். தொகுதியின் வெற்றி வித்தியாசமோ 675.

அதாவது, ஓட்டுக் கணக்கில் அவர்கள் முக்கியமானவர்கள். அந்தத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் குடிசைவாசிகளுக்கு 'எங்கே குடிசையோ அங்கேயே வீடு' என்று பேசின. வாக்குப்பதிவு பிப்ரவரி 5. ஜூன் 1-ஆம் தேதி புல்டோசர்கள் வந்தன. வடிகால் அடைபட்டு வெள்ளம் தேங்குகிறது, ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்ற டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகள் இடிக்கப்பட்டன. 189 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டன. வீடு ஒதுக்கப்பட்டது சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

அங்கே வாழ்ந்த ஒருவர் "எவன் வந்தா என்ன" என்று சொன்னால் அவரிடம் போய் வாக்குப்பதிவு சதவீதம் பேச எனக்கு வாய் வராது. அவருடைய விரக்திக்குச் சோம்பல் காரணமில்லை, அனுபவம்தான் காரணம். எம்.எல்.ஏ. யார் என்பதை ஓட்டு தீர்மானிக்கும். நீதிமன்ற வழக்கு, நில உரிமை, வீட்டுவசதி வாரியத்தின் தகுதிப் பட்டியல் எல்லாம் அதற்கு வெளியே ஓடுகின்றன. தேர்தல் நாளில் மட்டும் கவனித்தால் இந்த இடங்கள் எதுவும் நம் கண்ணில் படாது. நோட்டாவாலும் அங்கே எட்டிப்பார்க்க முடியாது.

நோட்டா எங்கே அதிகம் விழுகிறது?

தேசிய அளவில் மக்களவைத் தேர்தல்களில் நோட்டா ஒரே இடத்தில் நிற்கிறது. 2014-ல் சுமார் 60 லட்சம், 2019-ல் 65 லட்சம், 2024-ல் 64 லட்சம். ஏறக்குறைய ஒரு சதவீதம்.

பெரிய எண்கள் வந்த தொகுதிகளைத் தனியாகப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. 2014-ல் நாட்டிலேயே அதிக நோட்டா விழுந்தது நம் நீலகிரியில்: 46,559. அங்கே பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியாகியிருந்தது. 2022-ல் மும்பை அந்தேரி கிழக்கு இடைத்தேர்தலில் நோட்டா இரண்டாம் இடம். அங்கே பா.ஜ.க. வேட்பாளர் வாபஸ் வாங்கியிருந்தார். 2024-ல் இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு. இதுவரை எந்தத் தொகுதியிலும் இவ்வளவு விழுந்ததில்லை. அங்கே காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் வாபஸ் வாங்கி பா.ஜ.க.வில் சேர்ந்தார். காங்கிரசே நோட்டாவுக்குப் பிரசாரம் செய்தது. பா.ஜ.க. வேட்பாளர் 11.75 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்து டெல்லிக்கு வந்துவிட்டார்.

ஆக, நோட்டா பெருகும் இடங்களில் பெரும்பாலும் 'யாருமே வேண்டாம்' என்ற மனநிலை இல்லை. 'எனக்கு வேண்டியவர் பட்டியலில் இல்லை' என்பதுதான் இருக்கிறது. பழங்குடியினர் அதிகம் வாழும் பஸ்தர் மாதிரி இடங்களில் மட்டும் வேறு வேட்பாளர்கள் இருக்கும்போதே நோட்டா தொடர்ந்து அதிகமாக விழுகிறது. அதன் காரணங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை.

2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நோட்டா 2,373, பா.ஜ.க. 1,417. ஒரு வாரத்துக்கு மீம்ஸ் ஓடியது. அதற்கு மேல் எதுவும் ஆகவில்லை.

கட்சிகள் பயந்தனவா?

மறுப்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கட்சிகள் மெல்ல மெல்ல நல்ல வேட்பாளர்களை நிறுத்தும் என்பது 2013 தீர்ப்பின் எதிர்பார்ப்பு. அது நடந்ததா?

ஜனநாயக சீர்திருத்தச் சங்கம் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தொகுத்து வருகிறது. தங்கள் மேல் கிரிமினல் வழக்கு இருப்பதாக அறிவித்த மக்களவை உறுப்பினர்கள் 2009-ல் 30%, 2014-ல் 34%, 2019-ல் 43%, 2024-ல் 46%. வழக்கு இருப்பதும் குற்றம் நிரூபணமாவதும் ஒன்றல்ல. போராட்டத்தில் கைதானவர்களும் இதில் இருப்பார்கள். ஆனாலும் கோடு மேலேதான் போகிறது. ஒரு சதவீத ஓட்டுக்காக, அதுவும் முடிவை மாற்றாத ஓட்டுக்காக, 'ஜெயிக்கிற ஆள்' என்று நம்பும் வேட்பாளரைக் கட்சி ஏன் விட்டுக்கொடுக்கும்?

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. நம் நாட்டிலேயே சிறிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம் 2018-ல் உள்ளாட்சித் தேர்தல்களில் நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஹரியானா இன்னும் ஒரு படி மேலே போனது. நோட்டாவைவிடக் குறைவாக வாங்கியவர்கள் மறுதேர்தலில் நிற்கவே முடியாது என்றது. இரண்டு இடத்திலும் மறுதேர்தல் ஒரு தடவைதான்.

இந்தோனேசியாவில் ஒரே வேட்பாளர் நிற்கும் உள்ளாட்சித் தேர்தலில் அவருக்கு எதிராக 'காலிப் பெட்டி' போட்டியிடும். 2018-ல் மகாசார் நகர மேயர் தேர்தலில் காலிப் பெட்டியே ஜெயித்தது, தேர்தலைத் திரும்ப நடத்தினார்கள். கொலம்பியாவில் வெற்று ஓட்டுக்குப் பாதிக்கு மேல் கிடைத்தால் புது வேட்பாளர்களுடன் மறுதேர்தல்.

இங்கே மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் இதைக் கொண்டுவரச் சட்டத் திருத்தம் வேண்டும். சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-ஆவது அறிக்கையில் நிராகரிக்கும் உரிமையைப் பரிந்துரைக்கவில்லை. நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் கேட்கும் ஒரு மனுவில் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தேர்தல் ஆணையத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் சூரத்தில் பா.ஜ.க. வேட்பாளர் போட்டியின்றித் தேர்வானார். ஒரே ஆள்தான் களத்தில் என்றால் வாக்குப்பதிவே கிடையாது. நோட்டாவை அழுத்தக்கூட அங்கே யாருக்கும் வாய்ப்பு வரவில்லை.

அப்படியானால் நான் என்ன செய்வது?

முதல் விஷயம், உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் டெல்லிக்கு வந்த முதல் சில வருஷம் என் ஓட்டு ஊரில்தான் இருந்தது. தேர்தலுக்கு லீவும் கிடைக்காது, ரயில் டிக்கெட்டும் கிடைக்காது. 'சிஸ்டம் சரியில்லை' என்று சொல்லிக்கொண்டே இரண்டு தேர்தலைத் தவறவிட்டேன். வெளியூரில் இருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்கு விளக்க முற்பட்டது. எதிர்க்கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, திட்டம் நின்றுவிட்டது. எனவே இப்போதைக்கு வழி, வாடகை வீட்டு முகவரிக்கு மாற்றிக்கொள்வதுதான். ஏற்கெனவே வாக்காளர் அட்டை இருந்தால் படிவம் 8, இதுவரை பதியவே இல்லை என்றால் படிவம் 6. இரண்டையும் ஆன்லைனில் போடலாம். ஒரே நேரத்தில் இரண்டு தொகுதியில் பெயர் இருக்கக் கூடாது. தேர்தல் அறிவித்து, மனுத்தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால் பெயர் சேர்க்க முடியாது.

இரண்டாவது, 'எல்லாரும் ஒண்ணுதான்' என்று முடிவு கட்டும் முன் பிரமாணப் பத்திரங்களைப் பாருங்கள். வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கும். ஆணையத்தின் 'நோ யுவர் கேண்டிடேட்' செயலியில் கிடைக்கும். வழக்கு உள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சியே தன் இணையதளத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிப் படியுங்கள். படித்த பிறகும் யாருமே தேறவில்லை என்றால் நோட்டாவை அழுத்துங்கள். அது உங்கள் உரிமை, ரகசியமானதும்கூட. அதனால் முடிவு மாறாது என்று தெரிந்தே அழுத்துங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, சின்னத் தேர்தலைக் கவனியுங்கள். குப்பை, தெருவிளக்கு, வடிகால் தூர்வாருவது, பார்க் எல்லாம் மாநகராட்சியின் வேலை. 2022 டிசம்பரில் டெல்லி மாநகராட்சித் தேர்தலில் பாதிப் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். மொத்தம் 250 வார்டு, அதனால் ஒவ்வொரு வார்டிலும் வாக்காளர் எண்ணிக்கை குறைவு. ஒரு ஓட்டின் எடை மிக அதிகமாக இருப்பது இங்கேதான், கூட்டம் குறைவாக இருப்பதும் இங்கேதான். மாநகராட்சியின் பதவிக்காலம் ஐந்து வருஷம், அடுத்த தேர்தல் 2027-ல் வர வேண்டும்.

உங்கள் வார்டு கவுன்சிலரின் பெயர் தெரியுமா? தெரியாது என்றால் படிவம் 8-ஐ நிரப்பும்போதே அதையும் ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுங்கள்.